வாசலுக்கு வந்த வாகனம்

நாய் இடம் தேடிக்கொண்டிருந்தது.

சிவப்பிரகாசம் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நாய் செம்பருத்திச் செடியின் அடியை முகர்ந்து பார்த்து, அது தன் தகுதிக்குக் குறைவு என்பதுபோல விலகியது. தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை வலம் வந்து அதையும் நிராகரித்தது. கடைசியில், அவர் மனைவி உண்ணாமலை அப்போதுதான் பெருக்கித் தெளித்திருந்த முற்றத்தின் நட்டநடுவில் பின்கால்களை மடக்கி உட்கார்ந்தது. சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்த பார்த்திபன், அந்த நேரத்தின் அந்தரங்கத்துக்கு மதிப்பளிப்பவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனைப் பார்த்தார்.

"சபாஷ்டா," என்றார், காரியம் முடிந்ததும். இருவரும் நிறைவோடு திரும்பிப் போனார்கள்.

"பாத்தியா? சபாஷ் வேற!" சிவப்பிரகாசத்தின் குரல், ஜன்னலைத் தாண்டிவிடாத அளவில் கவனமாகக் கொதித்தது.

"என்னாண்ட கத்தி என்னா ஆவப்போவுது? அவராண்ட போயி கேளுங்க," என்று சொல்லிவிட்டு உண்ணாமலை சாம்பலும் முறமுமாக முற்றத்தில் இறங்கினாள்.

கேட்பது அவ்வளவு எளிதாக இல்லை. பார்த்திபன் கைத்தறித் துறையில் அதிகாரி. கலசப்பாக்கத்திலிருந்து மாற்றலாகி, மூன்று வீடு தள்ளிக் குடிவந்தவர். தறிகளைப் பார்வையிட வருகிறவரும் அவர்தான். சிவப்பிரகாசம் மறைப்பதற்கு எதுவுமில்லாத மனிதர், ஆயினும் ஓர் அதிகாரியிடம் போய், "ஐயா, உங்கள் நாய்..." என்று தொடங்கும் வாக்கியத்தை எந்தப் பணிவான வினைச்சொல்லைக் கொண்டு முடிப்பது என்பது அவருக்கு விளங்கவில்லை.

விளங்காமலேயே விட்டுவிடவும் முடியாது. ஆரணியில் வீட்டில் வைத்துப் பட்டு விற்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புடவை எடுக்க வருகிறவர்கள் கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து, கூடத்தில் விரித்த வெள்ளை வேட்டியின்மேல் வந்து உட்காருவார்கள். அதே வேட்டியில்தான் புடவைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். ஆகவே முற்றத்தில் கிடப்பது எதுவாயினும், சற்று நேரத்தில் அது ஜரிகைக்குப் பக்கத்தில் வந்து சேரும். சென்ற வாரம் தெள்ளாரிலிருந்து வந்த ஒரு பெரியவர் இதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தார். குழாயடியில் ஒற்றைக்காலில் நின்று கழுவிய கையோடு, அவர் குடும்பத்தைத் திரட்டிக்கொண்டு அடுத்த தெரு லோகநாதன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த வெள்ளிக்கிழமை வருகிறவர்களோ வந்தவாசிக்காரர்கள். அரிசி மண்டி வைத்திருக்கும் குடும்பம். மணப்பெண் சுபலட்சுமியின் அத்தை தேவகிதான் எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பவர். முகூர்த்தப் புடவை தொடங்கி இரு வீட்டுப் பெண்களின் புடவை அனைத்தும் அவர் விரல் காட்டும் இடத்தில்தான். அந்த ஆர்டர் கிடைத்தால் சிவப்பிரகாசத்தின் நான்கு தறிகளும் தை மாதம் வரை நிற்காது. கிடைக்காவிட்டால் துரை முதலான நெசவாளர்கள் லோகநாதன் வீட்டுத் தறிக்குழியில் இறங்கிவிடுவார்கள்.

மறுநாள் காலை சிவப்பிரகாசம் துணிவை வரவழைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நாய் தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

"வணக்கம் சார்."

"வணக்கங்க! நல்லாருக்கீங்களா?"

"இருக்கறங்க. இல்ல... நாய் வந்து... தெனம் நம்ம வாசல்லயே..."

பார்த்திபனின் முகம் மலர்ந்தது. "கவனிச்சீங்களா? இந்த விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்புங்க. நாலு வூட்டு வாசல் தாண்டி வரோம்; எங்கயும் உக்கார விடமாட்டேன். இழுத்துப் புடிச்சுகினு நேரா இங்கதான் கொண்டாருவேன்."

"இங்கதான்?"

"பின்ன? அடுத்தவங்க வாசல அசிங்கம் பண்ண வுடறது என்னாங்க நாகரிகம்? அப்படி வுடறவங்களப் பாத்தாலே எனக்கு பேஜாராப் பூடும். அதுக்குன்னு இருக்கற எடத்துலதான் அது போவணும்."

சிவப்பிரகாசம் வாயைத் திறந்தார். அதிலிருந்து வெளியே வந்தது, "சரிங்க சார்," என்பது மட்டுமே.

"'அதுக்குன்னு இருக்கற எடமாம்!'" என்று உள்ளே வந்து குமுறினார். "நம்ம வாசல் என்னா, பொறம்போக்கா? மத்தவன்லாம் அடுத்தவன், நாம மட்டும் யாரு?"

தறியில் உட்கார்ந்திருந்த துரை, இழைகளுக்கிடையே ஓடிய நாடாவை நிறுத்தினான். வயதில் சிவப்பிரகாசத்துக்கு ஒன்றிரண்டு இளையவன்; யோசனை சொல்வதில் மட்டும் எவருக்கும் இளைத்தவனல்லன்.

"மொதலாளி, பாட்டில்ல நீலத் தண்ணி ஊத்தி வாசல்ல வெச்சா நாய் அண்டாது. எங்க தெருவுல எல்லாம் அதான்."

"ஏன் அண்டாது?"

"அது நாய்க்கில்ல தெரியும்? நமக்கு அண்டாம இருந்தா பத்தாதா?"

அன்று மாலை சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டில்கள் கேட்டிலிருந்து தொட்டி வரை அணிவகுத்து நின்றன. தெருவிலிருந்து பார்க்க ஏதோ மருந்துக் கடையின் திறப்பு விழாபோல இருந்தது. சிவப்பிரகாசம் நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் நாய் முதல் பாட்டிலை முகர்ந்தது. மூக்கால் தள்ளியது. அது உருண்டு போனதில் உற்சாகம் கொண்டு அடுத்ததைக் காலால் தட்டியது. பிறகு ஒன்றைக் கவ்வி உதறியது. மூடி தெறித்து, நீலம் முற்றமெங்கும் ஓடியது. நாய் அதில் ஆனந்தமாக ஓடித் திரிந்து, திறந்திருந்த கதவின் வழியே கூடத்துக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தது. வாடிக்கையாளருக்காகத் துவைத்து விரித்திருந்த வெள்ளை வேட்டியில், முந்தானைப் பூக்களைப் போல் ஒரே சீரான இடைவெளியில் நீலப் பாதங்கள் பதிந்தன.

"ஐயையோ! டேய், வாடா வெளிய!" என்று பதறி ஓடிவந்தார் பார்த்திபன். சங்கிலியைப் பிடித்து இழுத்தவர், பாட்டில்களை உற்றுப் பார்த்தார். பிறகு சிவப்பிரகாசத்தைக் கனிவோடு நோக்கினார்.

"தண்ணி வெச்சது நல்ல மனசுங்க. ஆனா பாட்டில்ல வெச்சா அது எப்படிங்க குடிக்கும்? நீலம் வேற கலந்திருக்கீங்க, வயித்துக்கு ஆவாது."

சற்று நேரத்தில் பார்த்திபனின் மனைவி காவ்யா கையில் புதிய எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்தாள்.

"அண்ணா, இத செம்பருத்திச் செடிகிட்ட வெச்சிடறேன். ரெண்டு வேளையும் நல்ல தண்ணி மாத்துங்க, என்னா?"

வைத்துவிட்டுப் போயும்விட்டாள்.

"இது அடுக்குமா?" என்று சிவப்பிரகாசம் அந்தக் கிண்ணத்தை நோக்கிக் கைநீட்டினார். "மொதல்ல நாய் வந்துச்சு. இப்ப அதுக்குச் சாமான் செட்டு வந்துட்ச்சு. நாளைக்குக் கட்டில் வரும், மெத்தை வரும். நான்தான் வெளிய போவணும்!"

"போவும்போது அந்த வேட்டிய தொவைக்கப் போட்டுட்டுப் போங்க," என்றாள் உண்ணாமலை.

அன்று முழுவதும் சிவப்பிரகாசம் சிந்தித்தார். தோல்விக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது: நாயை விரட்ட முயன்றது பிழை. நாய்க்கு என்ன தெரியும்? திருத்த வேண்டியது நாயை நடத்தி வருகிறவரை. ஊரில் கண்ட சுவரில் ஒதுங்குகிற மனிதர்களை எது தடுக்கிறது? சாமி படம் போட்ட டைல்ஸ்.

"நாய்க்குச் சாமி தெரியுமா?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"நாய்க்குத் தெரியாது. அதக் கூட்டிகினு வர்ற மனுசனுக்குத் தெரியுமில்ல? சாமி பாத்துகினு இருக்கும்போது எப்படி உக்கார வெப்பாருன்னு பாக்கறேன்."

துரை கடைக்கு அனுப்பப்பட்டான். பிள்ளையாரோ முருகரோ எதிர்பார்த்துக் காத்திருந்த சிவப்பிரகாசத்தின் முன்னால் அவன் பொட்டலத்தைப் பிரித்தபோது, சூலமும் உடுக்கையுமாகக் காலபைரவர் காட்சி தந்தார். அவர் அருகே, தம் கடமையில் குறையில்லாத வாகனமாக, ஒரு நாய்.

"யோவ், என்னாய்யா இது?"

"நாய் மேட்டருன்னு சொன்னேன் மொதலாளி. அப்ப இதான் கரெக்டா இருக்கும்னு கடைக்காரரே எடுத்துக் குடுத்தாரு."

திருப்பிக் கொடுக்க நேரமில்லை. உண்ணாமலை அதற்குள் சாமிக்குப் பொட்டு வைத்துவிட்டாள். பொட்டு வைத்த சாமியைக் கடைக்குத் திருப்பி அனுப்புவது நல்லதல்லவென்று அவளே சொன்னாள். டைல்ஸ் கேட்டையொட்டிய மதில் சுவரின் உட்புறத்தில், முற்றத்தைப் பார்த்தாற்போல் பதிக்கப்பட்டது.

மறுநாள் காலை பார்த்திபன் கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாயோ டைல்ஸின் முன்னால், அதிலிருந்த நாயை ஆராய்ந்தபடி, அடக்கமாக உட்கார்ந்தது. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சிவப்பிரகாசம் வெற்றிப் பெருமிதத்தோடு மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

"சிவப்பிரகாசம்," பார்த்திபனின் குரல் தழுதழுத்தது. "உங்கள நான் தப்பா நெனச்சிட்டேங்க. இன்னிக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுதுங்களா சார்?"

"நல்லாப் புரிஞ்சுது. இவ்ளோ பக்தியா இருக்கறவருக்கு, வேலை பளுவுல முடியலன்னா நாங்க ஒத்தாசையா இருக்க வேணாமா? இனிமே காலைல மட்டும் இல்லீங்க. சாயங்காலமும் கூட்டிகினு வந்துடறேன்."

நாய் எழுந்தது. சாமியின் பார்வைக்குச் சற்றே ஒதுக்குப்புறமாக, ஆனால் முற்றத்தின் நடுவிலிருந்து அதிகம் விலகாமல், தன் கடமையை நிறைவேற்றியது.

துன்பம் இத்துடன் நின்றிருந்தால் சிவப்பிரகாசம் தாங்கியிருப்பார். ஆனால் தெருவில் பால் வாங்கப் போன பெண்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தார்கள். பைரவர் படத்துக்கு முன்னால் ஒரு நாய் தானாகவே உட்கார்ந்து தரிசனம் செய்தது என்ற செய்தி, உச்சி வேளைக்குள் எல்லாத் தறி வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு உகந்த நாள். அன்று மாலை கேட்டின் முன்னால் வரிசை நின்றது.

வடைமாலை வந்தது. தயிர்ச்சோறு வந்தது. எலுமிச்சம்பழ விளக்குகள் எரிந்தன. வாகனத்துக்கு உணவிட்டால் பைரவரே ஏற்றுக்கொள்வார் என்று ஒரு மூதாட்டி விளக்கினார். உடனே பிஸ்கட் பாக்கெட்டுகள் பிரிந்தன. இந்தச் செய்தியை எவரோ நாய்களிடமும் சொல்லியிருக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே வாழும் நாய்களில் பெரும்பாலானவை வந்து சேர்ந்தன. உண்டன. உண்டபின் செய்ய வேண்டியதையும் அங்கேயே செய்தன.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லோகநாதன் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பல நாள் காணாத மகிழ்ச்சி.

"என்னாப்பா சிவப்பிரகாசம், பட்ட வுட்டுட்டுக் கோயில் கட்டப் போறியாமே? நல்லது. நாளைக்கு வந்தவாசி பார்ட்டி வந்தா இந்தப் பக்கம் அனுப்பு. நீ பூசைய கவனி."

அன்றிரவு டைல்ஸைப் பெயர்த்துவிடலாம் என்றார் சிவப்பிரகாசம். "சூடம் ஏத்தின சாமியப் பேத்தா குடும்பம் வெளங்குமா?" என்றாள் உண்ணாமலை. கேட்டைப் பூட்டிவிடலாம் என்றார். "வர்றவங்க மதில் ஏறிக் குதிச்சா புடவை பாப்பாங்க?" என்றாள். எஞ்சியிருந்தது ஒரே வழி. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பார்த்திபன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், நாளைக்கு எங்க வூட்டுக்கு முக்கியமானவங்க வராங்க. கல்யாணப் பார்ட்டி. இது தவறிப்போச்சுன்னா எங்க தறியெல்லாம் நின்னுபோவும். அதனால அந்த நாய் விஷயத்துல... தயவு செஞ்சு... நாளைக்கு ஒரு நாள் மட்டுமாச்சும்..."

கண்கள் கலங்கிவிட்டன. பார்த்திபன் அவர் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"சொல்லாதீங்க. எனக்குத் தெரியாதா? வர்றவங்க முகம் சுளிக்கக் கூடாது, அதானே? நீங்க புடவைய பாருங்க. நாய் என் பொறுப்பு."

சிவப்பிரகாசம் மிதந்தபடி வீடு திரும்பினார். கேட்டவுடன் தீர்ந்துவிட்டது! நேராகக் கேட்கத் தெரியாமல் நீலம் கரைத்ததையும் டைல்ஸ் ஒட்டியதையும் நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவரும் துரையும் பினாயில் ஊற்றி முற்றத்தைத் தேய்த்தார்கள். பிறகு தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். உண்ணாமலை கோலமிட்டாள். வழக்கமான நேரம் வந்தது. பார்த்திபனைக் காணோம், நாயையும் காணோம். நேற்றைய விருந்தாளிகளான மற்ற நாய்களை சாக்குப் பையில் அள்ளிய மிச்ச வடைகளைக் காட்டி துரை தெருக்கோடிவரை நடத்திச் சென்று, அங்கேயே கொட்டிவிட்டு வந்தான்.

வேன் வந்து நின்றது.

தேவகி முதலில் இறங்கினார். நெற்றியில் பெரிய பொட்டும், எதையும் முதல் பார்வையில் குறை சொல்லப் பழகிய கண்களுமாக. பின்னால் சுபலட்சுமியும் இரு வீட்டுப் பெண்களும். கேட்டருகே செருப்புகள் கழன்றன. தேவகி ஒரு காலை முற்றத்தில் ஊன்றி, நாற்புறமும் நோட்டம் விட்டார்.

"பரவால்லியே! தெள்ளாரு பெரியவரு சொன்னதக் கேட்டு, கெளம்பும்போதே எனக்கு மனசில்ல. இப்பிடிக் கண்ணாடியாட்டம் இருக்குது வாசல்! சுத்தம் இருக்கற எடத்துலதான் நான் முகூர்த்தப் புடவை எடுப்பேன். வா சுபா, உள்ள போலாம்."

சிவப்பிரகாசத்தின் உள்ளத்தில் நான்கு தறிகளும் ஒரே சமயத்தில் ஓடின.

அப்போது கேட்டின் பக்கமிருந்து குரல் வந்தது. "வழி விடுங்க, வழி விடுங்க. வந்துட்டோம்!"

பார்த்திபன் வந்துகொண்டிருந்தார். நாயைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. பட்டுபோலப் பளபளக்கும் முதுகோடு அது விருந்தினர் நடுவே நடந்துவந்து, ஒவ்வொருவரையும் மரியாதையோடு முகர்ந்து, முற்றத்தின் மையத்தை அடைந்து, கோலத்தின் நடுப்புள்ளியில் பின்கால்களை மடக்கியது.

"ஐயே! ஐயே!" தேவகி புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். "யாரு வூட்டு நாய் இது? வளக்கத் தெரியாதவங்களுக்கு நாய் எதுக்கு?"

சிவப்பிரகாசத்துக்குள் ஏதோ அறுந்தது. அதிகாரி என்ற அச்சம், அண்டை வீடு என்ற தாட்சண்யம், இத்தனை நாள் விழுங்கிய சொற்கள் எல்லாம் ஒன்றாக வெளியேறின.

"நல்லாக் கேளுங்கம்மா! நாக்கப் புடுங்கற மாதிரி கேளுங்க! ஒரு நாய ஒழுங்கா வெச்சிக்க வக்கில்லாதவன் எல்லாம் ஒரு மனுசனா? அக்கம்பக்கத்துல இருக்கறவங்க படற அவஸ்தைய ஒரு நாளாவது நெனச்சுப் பாத்திருப்பானா? தன் சொகம், தன் வேலை, அவ்ளோதான்! இந்த நாய்க்குச் சொந்தக்காரன் எவனோ, அவன் பட்டுக்குஞ்சம் கட்டிகினு வந்தாலும் மதிக்கக் கூடாதும்மா!"

"நல்லா சொன்னீங்க!" என்றார் தேவகி. "இந்த மாதிரி ஆளுங்க வூட்ல நான் ஒரு கர்ச்சீப்பு கூட வாங்க மாட்டேன்."

"வாங்கவே கூடாதும்மா! அவன் வூட்டுப் படி ஏறக் கூடாது. ஏறினீங்கன்னா எனக்குத்தான் அவமானம். சத்தியம் பண்ணுங்க!"

"அந்த பைரவர் மேல சத்தியம்," என்று தேவகி சுவரைப் பார்த்துக் கையை நீட்டினார். உடன் வந்த பெண்களும் தலையசைத்தார்கள்.

மூச்சு வாங்க, சிவப்பிரகாசம் பார்த்திபனை நேருக்கு நேர் பார்த்தார். அந்த முகம் சிவக்கவில்லை, வெளுக்கவும் இல்லை. கண்களில் நீர் துளும்பியிருந்தது.

"பெரிய மனுசங்க நீங்க," என்றார் பார்த்திபன் மெல்ல. "இத்தினி பேருக்கு முன்னால, இப்பிடி ஒளிக்காம எவன் சொல்லுவான்? எனக்கு வராதுங்க இந்தத் தைரியம்."

சிவப்பிரகாசம் குழம்பினார். இது வருத்தமா, கிண்டலா, தண்டனைக்கு முன்னோட்டமா? அவர் ஒரு முடிவுக்கு வருமுன்பே, துவட்டும் துண்டும் கையுமாகக் காவ்யா மூச்சிரைக்க ஓடிவந்து அவர் எதிரில் நின்றாள்.

"போதும் வுடுங்கண்ணா, உங்கள நீங்களே எதுக்கு இந்தத் திட்டு திட்டிக்கறீங்க, நாங்க குடிவந்த அன்னிக்கு உங்க கேட்டாண்ட படுத்துகினு இருந்ததப் பாத்து நான் பயந்தப்போ, 'வாங்கம்மா, அது கடிக்காது'ன்னு மட்டும் சொன்னீங்களே, தெனம் எங்க வூட்டாண்ட வந்து நிக்கற உங்க நாய்க்குப் பேரு என்னான்னு மொதல்ல சொல்லுங்க!"